விருந்தாளி தெய்வமாம், பரிமாறுகிறவன் யார்?

விருந்தாளி தெய்வத்துக்குச் சமம் என்று சர்க்கார் சுற்றுலாவுக்கு விளம்பரம் செய்கிறது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தத் தெய்வம் தங்கும் அறையைக் கூட்டுகிறவன் யார்? படுக்கை விரிக்கிறவள் யார்? இரவு பன்னிரண்டு மணிக்குத் தெய்வத்துக்குப் பசி வந்தால் அடுப்பு மூட்டுகிறவன் யார்? அவர்களுக்குக் கூலி என்ன? பத்து வருஷம் உழைத்த பிறகு அவர்கள் எங்கே நிற்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு எந்த விளம்பரத்திலும் பதில் இல்லை. ஆகவே நாம் பேச வேண்டியிருக்கிறது.

"ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் ஓட்டல் விவகாரத்தில் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு போயிற்று, ஆலைச் சங்கு மட்டும் ஊதவில்லை. அந்த ஆலைகளில் நூல் நூற்றவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே? பலர் கேட்டரிங் படிக்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரூம் பாயாக நிற்கிறார்கள். காவிரி டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு, வேலையில்லாத விவசாயத் தொழிலாளியின் மகன் மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் தட்டு ஏந்தப் போகிறான். ஓட்டல் தொழிலாளி வேறு ஜாதி மனிதனல்ல. அவன் நம் வீட்டுப் பிள்ளை.

ஊட்டியில் கண்டது

சமீபத்தில் நாம் உதகமண்டலம் போயிருந்தோம். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில் ஒரு வாலிபனைச் சந்தித்தோம். இருபத்திரண்டு வயது இருக்கும். சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன். தகப்பனார் ஆலையில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். பையன் கேட்டரிங் டிப்ளமோ முடித்து, பெரிய லாட்ஜ் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறான்.

"சேர்ந்து வருஷம் மூணாச்சுங்ணா. இன்னும் ட்ரெயினின்னுதான் எழுதியிருக்காங்க" என்றான்.

"கையில் என்ன வருகிறது தம்பி?"

"பன்னெண்டாயிரமுங். சாப்பாடும் தங்கறதும் அவங்களே."

"ஒரு நாளைக்கு எத்தனை அறை?"

"சீசன்ல பதினாறு வருமுங்ணா. படுக்கை மாத்தி, பாத்ரூம் கழுவி, எல்லாம்."

"சீசனில் வாடகை?"

"அஞ்சாயிரமுங்."

அங்கேயே டீக் கிளாஸை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். பதினாறு அறை, அறைக்கு 5,000 ரூபாய். ஒரு நாளைக்கு 80,000 ரூபாய். பையனின் மாதச் சம்பளம் 12,000. நாளைக்கு 400 ரூபாய். அவன் கழுவித் துடைத்த அறைகளிலிருந்து முதலாளிக்கு நூறு ரூபாய் வந்தால், அவனுக்கு ஐம்பது காசு!

"அவன் ஒருவனா வேலை செய்கிறான்? சமையல், காவல், சலவை, வரவேற்பு இல்லையா?" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்விதான். அந்தப் பதினாறு அறைகளுக்கு ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்வோம். ஐவருக்கும் 2,000 ரூபாய். நூற்றுக்கு இரண்டரை ரூபாய். கரண்ட், வட்டி, வரி, மராமத்து எல்லாவற்றுக்கும் பாதியை எடுத்துக்கொள்ளட்டும். மீதி 38,000 எங்கே போகிறது?

"சீசன் இரண்டு மாதம்தானே! மழைக்காலத்தில் ஈ ஓட்டுகிறோமே!" என்பார் அடுத்தபடியாக. அதையும் போட்டுப் பார்த்தோம். பாதி அறை காலி, வாடகை 1,500. எட்டு அறைக்கு 12,000 ரூபாய். அப்பொழுதும் ஐந்து பேரின் கூலி அதில் ஆறில் ஒரு பங்குதான். கூலி கொடுத்ததால் எந்த லாட்ஜும் மூழ்கிவிடாது.

"வேலை தருகிறோம்" என்ற ஜம்பம்

சுற்றுலா கோடிக்கணக்கான வேலைகளைத் தருகிறது என்று சர்க்கார்கள் மார்தட்டுகின்றன. தமிழ்நாட்டுக்குக் கூட்டம் வருவது உண்மைதான். 2019-ல் உள்நாட்டுப் பயணிகளின் வருகை 49 கோடிக்கு மேல். வெளிநாட்டார் வருகை 68 லட்சம். வெளிநாட்டார் வருகையில் அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம். 2023-ல் தமிழக சர்க்கார் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டு, சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து வழங்கியது. 2024 டிசம்பரில் கன்னியாகுமரியில் 37 கோடி ரூபாயில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. பாலம் வரட்டும், ஜனங்கள் கடலைப் பார்க்கட்டும். நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. நாம் கேட்பது இதுதான்: தொழிலுக்கு அந்தஸ்து வந்ததே, தொழிலாளிக்கு வந்ததா?

அந்த அந்தஸ்தின் உண்மை நிறம் 2020-ல் வெளுத்தது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்துக்காக என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனம் ஆராய்ந்து தந்த கணக்கின்படி, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் மட்டும் சுற்றுலாத் துறையில் 1 கோடி 45 லட்சம் வேலைகள் பறிபோயின. சர்க்கார் என்ன செய்தது? ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 29-ல் உத்தரவு போட்டது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். மே மாதம் 18-ந் தேதியிலிருந்து அந்த உத்தரவு செல்லாமல் போயிற்று. ஐம்பது நாள்தான் அதன் ஆயுள்!

முதலாளிகளுக்கோ? 2022 பட்ஜெட்டில் விடுதித் தொழிலுக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் என்றே 50,000 கோடி ரூபாய்க்குக் கூடுதல் கடன் உத்தரவாதம். கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நிற்கிறது. கூலிக்கு ஜாமீன் நிற்க ஆளில்லை.

டிப்ஸ் கூலியல்ல

"சம்பளம் குறைவாயிருக்கலாம், டிப்ஸ் கிடைக்கிறதே" என்பது ஓட்டல் முதலாளிகளின் பழைய பல்லவி. இதைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

டிப்ஸ் யார் பணம்? வந்தவர் பணம். முதலாளி தன் பையிலிருந்து ஒரு காசும் எடுப்பதில்லை. டிப்ஸுக்குப் பிஎஃப் பிடித்தம் உண்டா? கிடையாது. போனஸ் கணக்கில் சேருமா? சேராது. பணிக்கொடையில் சேருமா? சேராது. காய்ச்சல் வந்து படுத்தால் டிப்ஸ் கிடைக்குமா? சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவனுக்கு, உருளைக்கிழங்கு உரிப்பவளுக்கு யார் டிப்ஸ் கொடுக்கிறார்கள்? வந்தவர் முகத்தையே பார்த்து நிற்கச் செய்து, தொழிலாளியைப் பிச்சைக்காரனாக்கும் ஏற்பாடு இது. உழைப்புக்குக் கூலி உரிமை. டிப்ஸ் தயவு. தயவைக் காட்டி உரிமையைப் பறிக்க விடக்கூடாது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பெரிய ஓட்டல்கள் பில்லிலேயே "சர்வீஸ் சார்ஜ்" என்று சேர்த்து வசூலித்து வந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றது. ஓட்டல் முதலாளிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடின. இந்தப் பணம் தொழிலாளர்களுக்குப் பயன்படுகிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2025 மார்ச் 28-ல் கோர்ட் அவர்களுடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடடா, கோர்ட்டு வாசலில்தான் என்ன பாசம்! தொழிலாளிமீது இவ்வளவு அக்கறை இருந்தால் சம்பளத்தை உயர்த்திக் கொடுக்க எந்தக் கோர்ட் தடுத்தது?

சோறும் பாயும்

"சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்" என்பது அடுத்த வாதம். விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்தக் குரல் நன்றாக அடையாளம் தெரியும். பண்ணையாளுக்குக் கூழ் ஊற்றுகிறோம், பொங்கலுக்கு வேட்டி கொடுக்கிறோம், பிறகு எதற்குக் கூலி உயர்வு என்று தஞ்சை மிராசுதார் கேட்டதும் இதேதான். கூழுக்கு ஈடாக அவர் ஆளின் இரவையும் பகலையும் எடுத்துக்கொண்டார். இங்கும் அதே கதை. லாட்ஜின் பின்கட்டில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தால், அது தங்குமிடமா, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரக் கட்டிவைத்த கொட்டடியா? உள்ளேயே படுத்திருப்பவனுக்கு எட்டு மணி நேர வேலை என்பது சுவரில் ஒட்டிய காகிதம். காலை ஆறு மணிக்குக் காபி கொண்டுபோனவனே இரவு பதினோரு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறான். நடுவில் மூன்று மணி நேரம் "ஓய்வு" என்று கணக்கு எழுதுகிறார்கள்.

உணவு விடுதித் தொழிலாளிக்கென்று 1958-லேயே சென்னை ராஜ்யத்தில் தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் எழுதினார்கள். 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். 2023-ல் கட்டட விதியைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் கார் டிரைவர்களுக்கு ஓய்வறையும் கழிப்பறையும் வேண்டும் என்றார்கள். நல்ல விதிகள். ஆனால் சீசனில் ஊட்டி, கொடைக்கானல் தெருக்களில் நள்ளிரவில் நடந்து பாருங்கள். குளிரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் டிரைவர்களைக் காண்பீர்கள். விதி காகிதத்தில் தூங்குகிறது. டிரைவர் ஸ்டியரிங்கில் தூங்குகிறான்.

பெண் தொழிலாளிகளின் நிலை இன்னும் கொடுமை. தெய்வமாக வந்தவர் கையைப் பிடித்து இழுத்தால் யாரிடம் சொல்வது? "கஸ்டமர்தானே, பொறுத்துப் போ" என்கிறார் மானேஜர். பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். வேலை செய்யும் இடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களின் அத்துமீறலிலிருந்தும் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. எந்த லாட்ஜின் சுவரில் அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியல் தொங்குகிறது என்று போகிற தோழர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்று ட்ரெயினி, நாளையும் ட்ரெயினி

"சின்ன வேலையில் சேர்ந்தால் படிப்படியாக மானேஜராகலாம்" என்று கேட்டரிங் கல்லூரி நோட்டீஸ்கள் ஆசை காட்டுகின்றன. விவசாயத் தொழிலாளி ஆட்டை விற்று, கம்மலை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிறான். நடப்பது என்ன? நூறு ஸ்டூவர்டு இருக்கும் இடத்தில் கேப்டன் பத்துப் பேர், மானேஜர் ஒருவர். அந்த ஒரு நாற்காலியையும் பெரும்பாலும் ஆங்கிலம் சரளமாகப் பேசும் பெரிய கல்லூரிப் பிள்ளை வெளியிலிருந்து வந்து பிடிக்கிறான். நம் பையன் ட்ரெயினியாகவே மூன்று வருஷம் நிற்கிறான்.

ஆலைத் தொழிலாளர்களே, இது உங்களுக்குப் புதிதா? சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, பயிற்சி என்ற பெயரில் கிராமத்துப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து நூல் நூற்க வைத்தார்களே, அதன் தம்பிதான் இது.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுகிறவன் தொழிலாளியல்ல. தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் அவனுக்குப் பொருந்தா. முதலாளிக்கு அந்தப் பெயர்மீது இத்தனை மோகம் இதனால்தான். ஆனால் உண்மையான அப்ரண்டிஸுக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும்; அது பதிவாகியிருக்க வேண்டும்; உதவித்தொகை, பாடம், முடியும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். இவை எதுவுமில்லாமல் தினம் பதினாறு அறை கழுவுகிறவன் ட்ரெயினியல்ல, தொழிலாளி. நெற்றியில் ஒரு வார்த்தையை ஒட்டிவிட்டால் உழைப்பு மாறிவிடாது.

1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது: இருபத்துநாலு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும். இதிலிருந்து தப்ப முதலாளிகள் கண்ட வழிகள் பல. சீசன் முடிந்ததும் "ஊருக்குப் போய் வா" என்று அனுப்புவது. திரும்பி வந்தால் புது ஆளாக எழுதுவது. அல்லது காண்ட்ராக்டர் பெயரில் எழுதுவது. பத்து வருஷம் ஒரே லாட்ஜில் உழைத்தவனுக்கும் காகிதத்தில் பத்து மாத சர்வீஸ்கூட இல்லை.

நாலு சட்டத் தொகுப்புகள்

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கியது. எல்லோருக்கும் நியமன உத்தரவு, குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஆட்களுக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை என்று சில நல்ல வரிகள் அவற்றில் உண்டு. இருப்பதை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அந்த வரிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் கேட்போம்.

ஆனால் மறு கையால் பறித்தது என்ன? நிலையாணைகள் இனி 300 பேரோ அதற்குமேலோ உள்ள இடத்துக்குத்தான். முன்பு மத்தியச் சட்டத்தில் 100. தமிழ்நாட்டில் 300 பேர் வேலை செய்யும் லாட்ஜ்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணலாம். வேலைநிறுத்தம் செய்யப் பதினாலு நாள் முன்னறிவிப்பு வேண்டும். இரண்டு மாத சீசன் தொழிலில் இந்தப் பதினாலு நாளுக்கு என்ன அர்த்தம் என்று முதலாளிக்குத் தெரியும். அதற்குள் வேறு ஆள் இறக்கிவிடுவார்.

யார் எதிரி?

"வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுக்கிறான்" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். தோழர்களே, ஜாக்கிரதை! ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறவன் நம்மைப் போல் வயிற்றுக்காக வந்தவன். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பரப்பி அவர்களையும் நம்மையும் மோதவிடப் பார்த்தார்கள். அவன் குறைந்த கூலிக்கு ஆசைப்பட்டு வரவில்லை. குறைந்த கூலி கொடுப்பதற்காக முதலாளி அவனைக் கொண்டுவந்தார். அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்றாகட்டும். பிறகு இந்தச் சூழ்ச்சிக்கு வேலையே இருக்காது.

ஹைகோர்ட் உத்தரவினால் 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது. மலை சரியாமலிருக்க வரம்பு தேவையென்றால் இருக்கட்டும். மலையும் நம்முடையதுதான். ஆனால் வண்டி குறைந்தது என்று சொல்லி ஆளைக் குறைத்தால் அதை ஏற்க முடியாது. மலையைக் காக்கும் செலவு முழுவதும் ரூம் பாயின் வயிற்றிலா விழ வேண்டும்?

நாம் கேட்பது

ஒன்று: ட்ரெயினி, டெம்பரரி, காண்ட்ராக்ட் என்ற பெயர்கள் வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த அன்றே நியமன உத்தரவு கையில் வேண்டும்.

இரண்டு: டிப்ஸையும் சோற்றையும் கழிக்காத கூலி, வருஷந்தோறும் பஞ்சப்படியோடு, ஆலைத் தொழிலாளிக்கு உள்ளதுபோல்.

மூன்று: எட்டு மணி வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. நடுவில் வெட்டிவிடும் "ஓய்வு" கணக்கு ஒழிய வேண்டும்.

நான்கு: சீசன் இல்லாத மாதங்களில் பாதிச் சம்பளமாவது கொடுத்து, அடுத்த சீசனுக்கு அதே ஆளை, சர்வீஸ் அறாமல் எடுக்க வேண்டும்.

ஐந்து: மேல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது உள்ளே இருப்பவனுக்கு முதல் உரிமை; அதற்கு வேண்டிய பயிற்சியை வேலை நேரத்தில், முதலாளி செலவில் தர வேண்டும்.

ஆறு: சர்க்கார் சலுகை பெறும் ஒவ்வொரு விடுதியும் தன் சம்பளப் பட்டியலைக் காட்ட வேண்டும். பட்டியல் இல்லையென்றால் சலுகையும் இல்லை.

இவை கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நாம் ஏமாற்றமாட்டோம். ஓட்டல் தொழிலாளர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். இங்கே ஐந்து பேர், அங்கே பத்துப் பேர். ஆலை கேட்டில் ஆயிரம் பேரைச் சேர்ந்தாற்போல் சந்திப்பதுபோல் அவர்களைச் சந்திக்க முடியாது. ஆனால் வயல் வேலைக்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் பண்ணைக்குப் பண்ணை சிதறிக் கிடந்தார்கள். "இவர்களையா ஒன்று சேர்ப்பது?" என்று சிரித்தவர்கள் உண்டு. சேர்ந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே வேலையை நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றவர்கள் வந்துபோன பிறகு, ஒரு வாரம் கழித்து உங்கள் பையன் ஊருக்கு வருவான். பண்டிகையன்று அவனுக்கு லீவு கிடையாதல்லவா! அப்பொழுது பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்: நியமன உத்தரவு இருக்கிறதா? பிஎஃப் நம்பர் என்ன? இஎஸ்ஐ கார்டு எங்கே? எந்தத் தேதியில் சேர்ந்தாய்? பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட வேலை செய்கிறவர்களின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். அந்த நோட்டை உங்கள் சங்க ஆபீஸில் கொண்டுவந்து கொடுங்கள்.

சிங்காநல்லூர்ப் பையன் விடைபெறும்போது ஒன்று சொன்னான்: "எங்கப்பனுக்குச் சங்கம் இருந்துச்சுங்ணா. எனக்கு மொபைல் நம்பர்தான் இருக்குது, எப்பக் கூப்பிட்டாலும் போறதுக்கு."

அவன் தகப்பனாரின் சங்கத்தில் இருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.